எஞ்சின் டிரைவராக இருந்த ஆஸ்திரேலியப் பிரதமர், வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பட்டாளத்தை அனுப்பினார்: பென் சிஃப்லியை எப்படிப் புரிந்துகொள்வது?

#1 கொல்லன்பட்டறை

போன மாதம் குடும்பத்தோடு பாத்தர்ஸ்ட் போயிருந்தேன். சிட்னியிலிருந்து மேற்கே, நீலமலைகளைத் தாண்டி இருநூறு கிலோமீட்டர். பிள்ளைகளுக்கு அங்கே மலைமேல் இருக்கும் கார் பந்தயப் பாதையைப் பார்க்க வேண்டும். எனக்கு சிஃப்லி வாழ்ந்த பஸ்பி தெரு 10ஆம் எண் வீட்டைப் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டைப் பார்த்தால் ஒரு பிரதமர் குடியிருந்த வீடு என்று சொல்லவே மாட்டீர்கள். பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொள்ளும் சின்ன வீடு. மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. 1914இல் குடிவந்தவர்கள் கடைசிவரை மாறவில்லை. 1945 முதல் 1949 வரை நாட்டின் பிரதமர், கூடவே நிதி அமைச்சரும். ஆனாலும் முகவரி அதேதான். கான்பராவில் பிரதமருக்கென்று இருக்கும் அரசு மாளிகைக்குப் போகாமல் குரஜாங் ஹோட்டலில் ஓர் அறையில் தங்கிக்கொண்டார்.

இதெல்லாம் சரி. எனக்குப் பிடிபடாதது வேறு. 1917இல் ரயில்வே வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக வேலையிழந்தவர் இந்த மனிதர். அதே மனிதர் 1949 ஆகஸ்ட் 1ஆம் தேதி, வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளர்களின் சுரங்கங்களுக்குள் ராணுவத்தை இறக்கிக் கரி வெட்ட வைத்தார். போர் இல்லாத காலத்தில் ஆஸ்திரேலியாவில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. லேபர் (தொழிலாளர்) கட்சிப் பிரதமர், அதிலும் தொழிற்சங்கத்துக்காரர்!

படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். துரோகி என்றோ தியாகி என்றோ ஒரே வரியில் முடிக்காதீர்கள், அதை நானே எழுதிக்கொள்வேன்.

#2 பழைய_ஃபயர்மேன்

தம்பி, நல்ல இழை. சிஃப்லி யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் எஞ்சின் டிரைவர் என்று போட்டதும் நின்றுவிட்டேன். நான் நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டு, பிறகு டீசலுக்கு மாறி ஓய்வு பெற்றவன்.

ஒரு கேள்வி. 1917இல் வேலை போனபோது அவர் என்ன கிரேடு? திரும்ப எடுத்தபோது என்ன கிரேடு? இது தெரியாமல் அந்த ஆளைப் பற்றி ஒன்றும் பேச முடியாது.

#3 கொல்லன்பட்டறை

ஐயா, நீங்கள் கேட்டதால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

ஜோசப் பெனடிக்ட் சிஃப்லி, பிறப்பு 1885 செப்டம்பர் 22, பாத்தர்ஸ்ட். அப்பா கொல்லர். (என் புனைபெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்தான்!) ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். ஐந்து வயதிலேயே லைம்கில்ன்ஸ் என்ற இடத்தில் தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். மண்தரை, மண்சுவர்க் குடிசை, படுக்கை என்றால் தவிட்டுச் சாக்கு. பள்ளிக்கூடம் அரைகுறை. 1893இல் ஆஸ்திரேலியாவில் வரிசையாக வங்கிகள் படுத்தபோது அந்தத் தாத்தாவின் சேமிப்பும் போனது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தாத்தா 1899இல் இறந்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் படிப்பு. 1903இல் பாத்தர்ஸ்ட் லோகோ ஷெட்டில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அப்புறம் ஃபயர்மேன். 1914இல் முதல்நிலை டிரைவர். வயது 28தான், அந்தக் காலத்துக்கு ரொம்ப இளவயது. ஷிஃப்ட் போக மிச்ச நேரத்தில் மாலை வகுப்புகளில் உட்கார்ந்து படித்தார். மற்ற ரயில்வேக்காரர்களுக்கு எஞ்சின் பாடமும் எடுத்தார்.

1917 ஆகஸ்டில் அந்த வேலைநிறுத்தம். சிட்னி ரயில்வே, டிராம் பட்டறைகளில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதும் நேர அட்டை முறையைக் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துத் தொடங்கியது துறைமுகம், சுரங்கம் என்று பரவி, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் வெளியே வந்தார்கள். அரசு கிராமப்புறங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்து வேலை வாங்கியது. செப்டம்பரில் தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள்.

சிஃப்லியை முதலில் நீக்கினார்கள். பிறகு எடுத்தார்கள், ஆனால் ஃபயர்மேனாக. சீனியாரிட்டி பூஜ்ஜியம். அது திரும்பக் கிடைக்க 1925இல் ஜாக் லாங் தலைமையில் லேபர் அரசு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வரவேண்டியிருந்தது.

#4 பழைய_ஃபயர்மேன்

அப்படிச் சொல்லுங்கள். இப்போது புரிகிறது.

வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. டிரைவரும் ஃபயர்மேனும் எஞ்சினில் ஒரே மேடையில்தான், அதாவது ஃபுட்பிளேட்டில்தான், நிற்பார்கள், ஒரே புகைதான், ஒரே சூடுதான். ஆனால் ரெகுலேட்டரை (நீராவியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) பிடிப்பவன் ஒருவன், குனிந்து கரி அள்ளுபவன் இன்னொருவன். நேற்று வரை ரெகுலேட்டர் பிடித்தவனை இன்றைக்கு மண்வெட்டி எடு என்றால், சம்பளம் குறைந்தது இரண்டாம் பட்சம். பக்கத்தில் நிற்கும் டிரைவர் யார்? வேலைநிறுத்தத்துக்கு வராமல் நின்றதற்காக மேலே போனவன். எட்டு மணி நேரம் அவன் சொல்கிறபடி நெருப்பு போட வேண்டும்.

எழுபதுகளில் நான் இருந்த ஷெட்டிலும் இந்த மாதிரி நடந்தது. ஊர் பேர் வேண்டாம். மூன்று வாரம் குவார்ட்டர்ஸுக்கு வராமல் மாந்தோப்பில் ஒளிந்திருந்தோம். திரும்பிப் போனபோது எனக்கு அடுத்து சேர்ந்தவன் எனக்கு முன்னால் இருந்தான். பதினைந்து வருடம் அவனோடு பேசவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அப்போது இல்லை.

இப்படி எட்டு வருடம் குனிந்து கரி அள்ளியவன் பட்டாளத்தை அனுப்பினான் என்றால், தம்பி, எனக்கு ஜீரணமாகவில்லை.

#5 சும்மா_படிப்பவன்

ஒரு சின்னத் திருத்தம் ஐயா, எட்டு வருடமும் கரி அள்ளவில்லை என்று நினைக்கிறேன். மறுபடி டிரைவர் ஆகிவிட்டார், சீனியாரிட்டிதான் 1925 வரை வரவில்லை. மற்றபடி நீங்கள் சொல்வது சரி.

#6 மெல்போர்ன்_மதுரை

நான் சிஃப்லி பக்கம் பேசுகிறேன், யாராவது பேச வேண்டுமே.

1917க்கும் 1949க்கும் நடுவில் முப்பத்திரண்டு வருடம் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். வேலைநிறுத்தம் தோற்றதும் அவர் என்ன செய்தார்? சண்டைக்காரர் ஆகவில்லை. எஞ்சின் தொழிலாளர் சங்கத்தை நாடு தழுவியதாகக் கட்டுவதில் இறங்கினார். சங்கத்தின் சார்பில் நடுவர் மன்றங்களில் நின்று வாதாடினார். ஆஸ்திரேலியாவில் சம்பளம், வேலை நேரம் எல்லாம் அன்று மத்தியஸ்த நீதிமன்றம் தீர்ப்பதுதான். காகிதம், கணக்கு, சாட்சி, தீர்ப்பு. என் வாசிப்பில் 1917 அவருக்குக் கற்றுக்கொடுத்தது 'வேலைநிறுத்தம் செய்' என்பதல்ல. 'இப்படிச் செய்தால் தோற்போம்' என்பதைத்தான். 1949இல் பட்டாளத்தை அனுப்பியது அந்த டிரைவர் அல்ல, அந்த வாதாடி.

1928இல் மக்குவாரி தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனார். 1931இல் லேபர் பிரதமர் ஸ்கல்லின் அரசில் பாதுகாப்பு அமைச்சர். அது உலகப் பொருளாதாரம் விழுந்திருந்த நேரம். செலவைக் குறை, சம்பளத்தைக் குறை என்ற முதல்வர்கள் திட்டத்தை லேபர் அரசே ஏற்க வேண்டி வந்தது. சிஃப்லி மனமில்லாமல் ஆதரித்தார். அதற்காக, அவர் வளர்த்த சங்கமே அவரை வெளியே தள்ளியது! அந்த வருடக் கடைசித் தேர்தலில் தொகுதியும் போனது.

பிறகு 1940 வரை நாடாளுமன்றம் இல்லை. எந்த ஜாக் லாங் அவருக்குச் சீனியாரிட்டியைத் திருப்பிக் கொடுத்தாரோ அதே லாங்தான் இப்போது கட்சிக்குள் பரம எதிரி. 1935இல் லாங்கின் சொந்தத் தொகுதியிலேயே போய் நின்று தோற்றார். ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தே நின்றதாகத்தான் படுகிறது.

நன்றிக்கடனும் இல்லை, வன்மமும் இல்லை, அமைப்புதான் பெரிது. அப்படிப்பட்ட ஆள்.

#7 லெட்ஜர்_பையன்

தாத்தாவின் பணம் வங்கியில் போனதை ஞாபகம் வைக்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கமே வராமல் ரயில் பின்னாலேயே போய்விட்டீர்களே. நான் வங்கியில் குப்பை கொட்டியவன், நானே எழுதுகிறேன்.

1935இல் பணம், வங்கி முறை பற்றி விசாரிக்க அரச ஆணையம் ஒன்றைப் போட்டார்கள். எம்.பி. பதவி இல்லாமல் இருந்த சிஃப்லி அதில் உறுப்பினர். இரண்டு வருடம் வங்கியாளர்கள், பொருளாதார அறிஞர்கள் எல்லோரும் வந்து சாட்சி சொன்னார்கள். பள்ளிப் படிப்பையே ஒழுங்காக முடிக்காதவர் உட்கார்ந்து கேள்வி கேட்டார். 1937இல் அறிக்கை வந்தபோது, தனியார் வங்கிகளை நாட்டுடைமை ஆக்குவதுதான் வழி என்று தனியாக மாற்றுக் குறிப்பு எழுதினார்.

சரி, பத்து வருடம் கழித்து என்ன நடந்தது தெரியுமா? 1945இல் அவர் கொண்டுவந்த வங்கிச் சட்டத்தில், மாநில அரசுகளும் நகராட்சிகளும் அரசுக்குச் சொந்தமான காமன்வெல்த் வங்கியில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்று ஒரு பிரிவு. மெல்போர்ன் மாநகராட்சி வழக்குப் போட்டது. 1947 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. மூன்றே நாளில், ஆகஸ்ட் 16 சனிக்கிழமை, அமைச்சரவை கூடியது. வெளியே வந்து பத்திரிகைகளுக்கு நாற்பது சொச்சம் வார்த்தையில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். எல்லாத் தனியார் வங்கிகளும் நாட்டுடைமை! விளக்கமும் இல்லை, பொதுக்கூட்டமும் இல்லை, மக்களைத் தயார்ப்படுத்தவும் இல்லை.

தாத்தாவின் கோபம் என்று ஒற்றைக் காரணம் சொல்ல மாட்டேன். 1930களில் லேபர் அரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றதை உள்ளேயிருந்து பார்த்தவர். கடன் கொடுப்பது யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் நாடு என்று நம்பினார். ஆனால் அதை மக்களிடம் சொன்ன விதம் படுமோசம்.

எனக்கு ஆச்சரியம் எதில் என்றால், வங்கி ஊழியர்களே எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். கவுண்ட்டரில் நிற்கும் குமாஸ்தாக்கள் வீடு வீடாகப் போய் அரசுக்கு எதிராக ஓட்டுக் கேட்டார்கள். எங்கள் இந்தியாவில் 1969இல் பதினான்கு வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது ஊழியர் சங்கம் கொண்டாடியது. அங்கே நேர்மாறு. அரசு ஊழியனாகிவிட்டால் எங்கே தூக்கிப் போடுவார்களோ என்ற பயம், வங்கி நிர்வாகங்களின் பணம், இரண்டும் சேர்ந்துகொண்டன.

#8 கொல்லன்பட்டறை

லெட்ஜர் சார், வழக்கு விவரத்தையும் போடுங்கள். அது ஒரு தனி நாடகம்.

#9 லெட்ஜர்_பையன்

நாடகம்தான். ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 92ஆவது பிரிவு, மாநிலங்களுக்கு இடையே வணிகம் முற்றிலும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்கிறது. மாநில எல்லையில் சுங்கம் போடக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதியது. தனியார் வங்கிகள் அதையே கேடயமாகப் பிடித்தன. வங்கித் தொழிலும் வணிகம், அதைத் தடை செய்வது 92க்கு விரோதம். 1948 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு (அன்று கடைசி மேல்முறையீடு அங்கேதான்) போனது. அட்டர்னி ஜெனரல் எவட் நாள் கணக்கில் வாதாடினார், நிறுத்தவே இல்லை. வழக்கு 37 நாள் ஓடியது. கேட்டுக்கொண்டிருந்த ஏழு பிரபுக்களில் இரண்டு பேர் நடுவிலேயே காலமானார்கள். (எவட்டின் பேச்சுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.) 1949 ஜூலையில் அங்கேயும் தோல்வி.

நம் அரசியலமைப்பின் 301ஆவது பிரிவு இந்த 92இன் வாரிசுதான். 1970 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றமும் வங்கி நாட்டுடைமைச் சட்டத்தைச் செல்லாது என்றது, முக்கியக் காரணம் இழப்பீடு. ஆனால் நான்கு நாளில் புதிய அவசரச் சட்டம் வந்து வேலை முடிந்தது. சிஃப்லிக்கு அந்த வசதி இல்லை. அங்கே அரசியலமைப்பை மாற்ற வேண்டுமென்றால் மக்களிடம் நேரடி வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். 1948 மே மாதம்தான் விலைக்கட்டுப்பாடு, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரம் கேட்டுப் போய் மூக்குடைபட்டிருந்தார். இன்னொரு தரம் எந்த முகத்தோடு போவார்?

#10 வல்வை_வாசுகி

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தனான். நல்ல தகவல்கள். ஆனால் ஒருவரும் தொடாத இடத்தை நான் தொடுகிறேன்.

1949 ஜூன் 12 அன்று நியூ சவுத் வேல்ஸ் லேபர் மாநாட்டில் சிஃப்லி பேசிய பேச்சு இன்றைக்கும் அந்தக் கட்சிக்கு வேதம் மாதிரி. யாரோ ஒருவரின் சட்டைப்பையில் கூடுதலாக ஆறு பென்ஸ் போடுவதற்கோ, ஒருவரைப் பிரதமராக்குவதற்கோ அல்ல இந்த இயக்கம். குன்றின் மேல் ஒரு விளக்கு இருக்கிறது, அதை நோக்கிப் போகிறோம். இங்கே மட்டுமல்ல, எங்கெல்லாம் கைகொடுக்க முடியுமோ அங்கெல்லாம் மனிதகுலத்தின் மேன்மைக்கு உழைக்கிறோம் என்ற பொருளில் பேசினார். வடிவான பேச்சு, மறுக்கவில்லை.

அதே வருடம் அவருடைய குடிவரவு அமைச்சர் ஆர்தர் கால்வெல் என்ன செய்துகொண்டிருந்தார்? போர்க்காலத்தில் ஜப்பானியரிடமிருந்து தப்பி வந்த ஆசிய அகதிகளைத் தேடித் தேடித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஆனி ஓகீஃப் என்று ஒரு இந்தோனேசியப் பெண். கணவர் போரில் இறந்துவிட்டார். எட்டுப் பிள்ளைகள். பிறகு ஓர் ஆஸ்திரேலியரை மணந்திருந்தார். அவரையும் நாடு கடத்தப் பார்த்தார்கள். அவர் நீதிமன்றம் போய் 1949 மார்ச்சில் வென்றார். அரசு விட்டதா? இல்லை, அந்த ஓட்டையை அடைக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அமெரிக்க ராணுவத்தில் இருந்த கம்போவா என்ற பிலிப்பைன்ஸ்காரர், ஆஸ்திரேலிய மனைவியையும் பிள்ளைகளையும் பார்க்க வரக்கூட அனுமதி மறுக்கப்பட்டார்.

கால்வெல் செய்தார், சிஃப்லி செய்யவில்லை என்று சொல்லாதேங்கோ. பிரதமர் அவர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். அந்த விளக்கின் வெளிச்சம் எந்த நிறத்தவர் வரை எட்டியது என்பதையும் இந்த இழையில் கேட்க வேண்டும். எங்கட ஆட்கள் இந்த நாட்டுக்குள் வர 1970கள் ஆகவேண்டியிருந்தது.

#11 மெல்போர்ன்_மதுரை

அக்கா, அதை மறுக்க முடியாது. ஒன்றை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன், ஈடு கட்டுவதற்காக அல்ல. இந்தோனேசிய சுதந்திரம். 1945 கடைசியில் ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள், இந்தோனேசியாவை மறுபடி பிடிக்கப் போன டச்சுக் கப்பல்களில் சரக்கு ஏற்ற மறுத்தார்கள். சிட்னியில் இருந்த இந்திய மாலுமிகளும் அதில் சேர்ந்து கப்பலை விட்டு இறங்கினார்கள். சிஃப்லி அரசு அந்தத் தடையை உடைக்கவில்லை. 1947இல் ஐ.நா. நல்லெண்ணக் குழுவுக்கு இந்தோனேசியக் குடியரசு தன் தரப்பில் தேர்ந்தெடுத்த நாடு ஆஸ்திரேலியா. இந்தியா குடியரசாகிக்கொண்டே காமன்வெல்த்தில் இருக்கலாம் என்று 1949 ஏப்ரலில் லண்டனில் முடிவானபோது அந்த மேசையிலும் இவர் இருந்தார்.

#12 வல்வை_வாசுகி

உங்கள் நாட்டில் நீங்கள் சுதந்திரமாக இருங்கள், எங்கள் வீட்டுக்குள் மட்டும் வராதீர்கள். அதுதானே தம்பி?

#13 மெல்போர்ன்_மதுரை

ஆமாம் அக்கா. அதுதான்.

#14 சும்மா_படிப்பவன்

கனமாகப் போகிறது, கொஞ்சம் இலேசாக ஒன்று. கான்பராவில் சிஃப்லியின் தொலைபேசி எண்ணும் ஓர் இறைச்சிக் கடையின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாம். வீட்டுப் பெண்கள் தப்பாகச் சுழற்றிவிட்டு "அரை கிலோ சாப்ஸ் அனுப்புங்கள்" என்பார்களாம். இவர் நான் பிரதமர் என்று சொல்லாமல் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குச் சொல்லிவிடுவாராம். உண்மையோ பொய்யோ, அங்கே எல்லோரும் சொல்லும் கதை. அரை கிலோ என்பது என் மொழிபெயர்ப்பு, அன்று பவுண்டுதான்.

இன்னொன்று: ஆஸ்திரேலியாவின் முதல் சொந்தக் கார் என்று கொண்டாடப்படும் ஹோல்டனை 1948 நவம்பரில் வெளியிட்டவரும் இவர்தான். ராத்திரி விருந்துக்கான கறுப்பு உடையை மட்டும் கடைசிவரை போடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். எங்கே கூப்பிட்டாலும் சாதாரண சூட், வாயில் பைப்.

#15 பழைய_ஃபயர்மேன்

எல்லாம் படித்தேன். இன்னும் அந்தச் சுரங்க விஷயம் முழுதாக வரவில்லை. என்ன கேட்டார்கள் அந்தத் தொழிலாளர்கள்? என்ன செய்தார் இவர்? தேதி வாரியாக யாராவது போடுங்கள்.

#16 கொல்லன்பட்டறை

போடுகிறேன் ஐயா.

கேட்டது: வாரத்துக்கு 35 மணி நேர வேலை, 30 ஷில்லிங் சம்பள உயர்வு, நீண்டகாலச் சேவைக்கான விடுப்பு. 1949 ஜூன் 27 அன்று 23,000 சுரங்கத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். வாசுகி அக்கா சொன்ன 'விளக்கு' பேச்சு முடிந்து சரியாகப் பதினைந்து நாள். சங்கத் தலைமையில் கம்யூனிஸ்ட்கள் இருந்தார்கள். உலகமே பனிப்போருக்குள் போய்க்கொண்டிருந்த நேரம். அந்த மார்ச் மாதம்தான் சிஃப்லியே உளவுத்துறை ஒன்றைத் தொடங்கியிருந்தார். அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். கரி இல்லாவிட்டால் மின்சாரம் இல்லை, கேஸ் இல்லை. சிட்னி இருட்டில் கிடந்தது. பல லட்சம் பேருக்கு வேலை நின்றது.

மூன்றாம் நாளே, ஜூன் 29, அவசரச் சட்டம் நிறைவேறியது. வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சங்கப் பணத்திலிருந்து உதவி கொடுப்பது குற்றம். பணத்தை நீதிமன்றத்தில் கட்டச் சொன்னார்கள். கட்டாத சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் சோதனை. ஆகஸ்ட் 1, மஸல்புரூக், மின்மி, பென் புல்லன் திறந்தவெளிச் சுரங்கங்களில் ராணுவம் இறங்கியது. ஆகஸ்ட் 15, தொழிலாளர்கள் திரும்பினார்கள்.

பென் புல்லன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தேன். லித்கோவுக்குப் பக்கம், மேற்குப் பாதையிலிருந்து பிரிந்து போகும் ரயில் பாதையில். இவர் எஞ்சின் ஓட்டிய மலைப்பக்கம்தான்.

#17 பழைய_ஃபயர்மேன்

பட்டாளம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதையே பேசுகிறீர்கள். பட்டாளம் வந்தது ஐந்து வாரம் கழித்து. மூன்றாம் நாளே செய்ததைப் பாருங்கள். சங்கப் பணத்தைக் கட்டிப்போட்டார்.

வேலைநிறுத்தத்தில் எதில் உடைவோம் என்று வெளியாளுக்குத் தெரியாது. தடியடியில் உடைய மாட்டோம். இரண்டாவது வாரம் மளிகைக் கடையில் பாக்கி தரமாட்டேன் என்பான், அன்றைக்கு ராத்திரி வீட்டில் பேச்சு வரும், அங்கேதான் உடைவோம். சங்கத்திலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தால் இன்னும் ஒரு வாரம் தாங்குவோம். அதைத் தெரிந்து அடைத்திருக்கிறார். இது வக்கீலுக்குத் தெரிந்த வேலையில்லை மதுரைத் தம்பி. 1917இல் வீட்டில் உலை ஏறாமல் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்த வேலை. அந்த டிரைவர்தான் செய்தார்.

அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாகிறது. ஆனாலும் ஆளைப் பிடித்தும் போகிறது, ஏன் என்று தெரியவில்லை.

#18 மெல்போர்ன்_மதுரை

ஐயா, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. வாதாடி என்று நான் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி இருக்கட்டும்: அந்தக் கோரிக்கைகள் நடுவர் மன்றத்தின் முன் இருந்தன. நாற்பது மணி நேர வாரம் 1948 தொடக்கத்தில் நடுவர் தீர்ப்பு மூலம்தான் வந்தது. தான் வாழ்நாள் முழுக்கக் கட்டிய பாதையை விட்டு இவர்கள் குறுக்கே போகிறார்கள் என்ற எரிச்சல் அவருக்கு இருந்திருக்கும்.

#19 லெட்ஜர்_பையன்

எரிச்சலுக்குக் கிடைத்த பரிசு 1949 டிசம்பர் 10 தேர்தல். வங்கி விவகாரத்தில் நடுத்தர வர்க்கம் போனது, சுரங்க விவகாரத்தில் சொந்த ஆட்களில் கொஞ்சம் பேர் போனார்கள். போதாததற்குப் பெட்ரோல் ரேஷன். பிரிட்டனுக்கு டாலர் மிச்சம் பிடித்துக் கொடுப்பதற்காகப் போர் முடிந்து நான்கு வருடம் கழித்தும் கூப்பன்! நீதிமன்றம் செல்லாது என்றதும், தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் மறுபடி கொண்டுவந்தார். தேர்தல் நேரத்தில் எந்த அரசியல்வாதியாவது இதைச் செய்வாரா? எதிர்க்கட்சித் தலைவர் மென்சிஸ் அதை ஒழிப்பேன் என்றார், அவருடைய கூட்டணி 121 இடத்தில் 74 பிடித்தது. லேபருக்கு 47. அடுத்து லேபர் ஆட்சிக்கு வர 1972 ஆனது.

இவர் காலத்தில் தொடங்கிய வேலையெல்லாம் மென்சிஸ் காலத்தில் பலன் தந்தது. ஸ்னோயி மலை நீர்மின் திட்டம் 1949 அக்டோபர் 17இல் அடாமினபியில் தொடங்கியது, தோற்பதற்கு எட்டு வாரம் முன்னால். தேசியப் பல்கலைக்கழகம், அரசு விமான நிறுவனம், குவாண்டாஸை அரசு வாங்கியது, எல்லாம் அந்த நான்கு வருடத்துக்குள். விளம்பரப்படுத்தத் தெரியாத மனிதர்.

#20 வல்வை_வாசுகி

பழைய ஃபயர்மேன் ஐயா பிடித்துப்போகிறது என்றதற்கு நான் ஒரு காரணம் சொல்லட்டுமா? நான் அவரில் கோபமாக இருப்பவள்தான், ஆனாலும் சொல்கிறேன்.

அவர் கத்தோலிக்கர். மனைவி எலிசபெத் பிரெஸ்பிடீரியன். அந்த நாளில் கத்தோலிக்க விதிப்படி வேறு சபையில் கல்யாணம் செய்தால் செல்லாது. எலிசபெத்தை மதம் மாறச் சொல்லாமல், 1914 ஜூனில் சிட்னியில் அவருடைய சபைக் கோவிலில் போய்த் தாலி கட்டினார். தாலி இல்லை, மோதிரம். நம்மில் ஒருவர் அடி வாங்கித்தான் ஆக வேண்டும், அது நானாக இருக்கட்டும் என்ற கருத்தில் சொன்னாராம். பாத்தர்ஸ்ட் மாதிரிச் சின்ன ஊரில், ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளைக்கு அது சாதாரண விசயம் இல்லை. அதற்குப் பிறகும் பூசைக்குப் போவதை விடவில்லை.

ஊருக்காக வாங்கிய அடி எல்லாம் தன் முதுகில் வாங்கியவர். அப்படிப்பட்டவர்கள் மற்றவர்களும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். என்ட அப்பாவும் அப்படித்தான்.

#21 பழைய_ஃபயர்மேன்

என் அப்பாவும்.

#22 சும்மா_படிப்பவன்

எப்படி முடிந்தார் என்று யாரும் எழுதவில்லையே?

#23 கொல்லன்பட்டறை

தோற்றபிறகும் எதிர்க்கட்சித் தலைவராக நீடித்தார். 1950 கடைசியில் மாரடைப்பு. ஓய்வெடுங்கள் என்றார்கள், எடுக்கவில்லை. 1951 ஏப்ரல் தேர்தலிலும் கட்சி தோற்றது.

1951 ஜூன் 13. கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா, நாடாளுமன்றக் கட்டடத்தில் நடன விருந்து. ஊரில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் கறுப்பு உடையில் அங்கே. இவர் போகவில்லை. குரஜாங் ஹோட்டலில் தன் அறையில் இருந்தார், செயலாளர் பிலிஸ் டானலி கூட இருந்தார். மறுபடி மாரடைப்பு. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில், ஆம்புலன்ஸிலேயே உயிர் போனது. மென்சிஸ் நடன அரங்கில் இசையை நிறுத்தச் சொல்லி விஷயத்தை அறிவித்தார். எல்லோரும் கலைந்து வீட்டுக்குப் போனார்கள்.

அடக்கம் பாத்தர்ஸ்டில்.

ஐயா, உங்களுக்காக ஒரு தகவல். அவர் ஓட்டிய 5112ஆம் எண் நீராவி எஞ்சினை பாத்தர்ஸ்டில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பந்தயப் பாதைக்கு அவசரப்படுத்தியதால் அதைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

#24 பழைய_ஃபயர்மேன்

என்ன தம்பி இது, வீட்டைப் பார்த்துவிட்டு எஞ்சினைப் பார்க்காமல் வந்திருக்கிறீர்கள்!

அடுத்த தடவை போனால் கேபுக்குள் ஏற விடுவார்களா என்று கேளுங்கள். விட்டால் இரண்டு படம் எடுங்கள். ஒன்று ரெகுலேட்டர் பக்கத்திலிருந்து. இன்னொன்று ஃபயர்மேன் நிற்கும் இடத்திலிருந்து, குனிந்து, நெருப்புப் பெட்டியின் கதவு தெரிகிற மாதிரி.